மூன்றாம் தரப்பு

வால்பரைசோவில் மீன்கடைத் தெருவைக் காலி செய்த அன்று
என் பாட்டும் அங்கே போயிருக்கிறது.
எனக்குத் தெரியாது.
நான் வீட்டில் முகம் மழித்துக்கொண்டிருந்தேன்.

யாஸ்னா தராசுக்குப் பின்னால் நின்று
கைபேசியை உயர்த்திப் பிடித்திருக்கிறாள்.
ஐஸ் பெட்டிகள் கவிழ்கின்றன.
ஒரு கறுப்பு நாய்
இரண்டு பக்கத்தையும் பார்த்துக் குரைக்கிறது.
சார்ஜென்ட் ஒயார்சூன் அவளைக் கவனித்துவிட்டார்.
லத்தியைத் தொடவில்லை.
சட்டைப்பையிலிருந்து தன் கைபேசியை எடுத்து
ஒலியை முழுக்கக் கூட்டினார்.

எண்பத்தேழில் நான் எழுதிய காதல் பாட்டு.

வலையேறிய பதினோராம் நிமிடம் படம் இறங்கிவிட்டது.
பொய் என்று யாரும் சொல்லவில்லை,
வன்முறை என்றும் சொல்லவில்லை.
‘இதில் மூன்றாம் தரப்பின் இசை உள்ளது.’
அவ்வளவு மரியாதையான கதவு,
சாத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

அந்த மூன்றாம் தரப்பு நான்தான் என்று எண்ணி
மறுநாள் என் படியேறி வந்தாள்,
நூற்று நாற்பது படி.
மூச்சு வாங்கியது, முழங்கையில் செதில் ஒட்டியிருந்தது.
“உமக்கு நான் என்ன கெடுதல் செய்தேன்?”

அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க்
குளிர்பதனப் பெட்டியைக் காட்டினேன்.
இதற்குத்தான் அம்மா அந்தப் பாட்டை விற்றேன்.
பெட்டி இன்னும் ஓடுகிறது, ராத்திரியில் உறுமும்.
வாங்கியவன் இன்னொருவனுக்கு விற்றான்,
அவனை ஒரு கம்பெனி விழுங்கியது,
அந்தக் கம்பெனியை எது விழுங்கியதோ.

இருந்தும் எழுதிப் பார்த்தேன்:
பாட்டை எழுதியவன் நான், அனுமதிக்கிறேன்.
நாலு விநாடியில் பதில் வந்தது.
மனிதன் எவனும் நாலு விநாடியில் படிக்கமாட்டான்.
‘அன்புள்ள எவரிஸ்தோ கால்வான்,
நீங்கள் உரிமையாளர் அல்லர்.’

சொல்லிவிடுகிறேன், நான் திருட்டுக்கு எதிரி.
கள்ள ஒலிநாடாவைக் கூறுகட்டி விற்றவனோடு
சந்தையில் கட்டிப்புரண்டிருக்கிறேன்.
இதே ஊரில், காங்கிரஸ் கட்டிட வாசலில்,
சட்டம் வேண்டுமென்று மழையில் கையெழுத்து வாங்கினேன்.
முதல் கையெழுத்து என்னுடையது,
கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.

பிறகு யாஸ்னா ஒலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு
ஊமைப் படத்தை ஏற்றினாள்.
அது நின்றது.
பெட்டிகள் பஞ்சுபோல விழுந்தன.
நாய் வாயைத் திறந்து திறந்து மூடியது.
என்ன பேசினார்கள், யார் மிரட்டினார்கள்,
ஒன்றும் இல்லை.

நிபால்தோவை அழைத்து வந்தாள்.
சந்தையின் ஐஸ் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்,
பிறவியிலேயே காது கேளாதவர்.
என் மேசையில் உட்கார்ந்து
உதடு உதடாகப் படித்து, மீன் சுற்றும் தாளில் எழுதினார்.
‘நாளைக்கு உன் வீட்டுக்கு வருவேன்.’
‘உரிமச் சீட்டைக் கிழி, அவள் பார்க்கட்டும்.’
‘என் கத்தியைக் கொடு, அது என் அப்பாவுடையது.’
சார்ஜென்ட் முகம் வந்ததும் நிறுத்தினார்.
பின்னால் ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார்.
எழுதினார்: ‘இவர் பாடுகிறார்.’

ஆமாம், முணுமுணுத்துக்கொண்டிருந்தார்,
பெட்டிகள் கவிழக் கவிழ.
பாட்டு முழுக்க மனப்பாடம் போல.
மூன்றாம் வரியில் அவர் உதடு ‘தூங்கிவிடு’ என்றது.

நான் எழுதியது ‘திரும்பி வா’.
நாடு கடத்தப்பட்டவர்களைக் கூப்பிடுகிறாய் என்று
வானொலி நிலையத்தில் ஒரு கர்னல்
பென்சிலால் அடித்து மாற்றினான்.
நான் ஒரு பெண்ணைத்தான் கூப்பிட்டேன்.
அவளும் நாடு கடத்தப்பட்டிருந்தாள், அது வேறு.
இந்தத் தேசம் முழுக்க, கல்யாண வீடுகளில்கூட,
இன்னும் கர்னலின் சொல்லைத்தான் பாடுகிறது.

நிபால்தோ தாளைத் திருப்பி எழுதினார்:
‘அந்தப் பாட்டு எப்படி இருக்கும்?’

அவர் உள்ளங்கையை என் தொண்டையில் வைத்துக்கொண்டேன்.
திரும்பி வா என்றே பாடுவதாக முடிவு செய்தேன்.
பிறகு, ஒரு நிமிடம் என்று சைகை காட்டி,
எழுந்துபோய்
ஜன்னலைச் சாத்தினேன்.

யாஸ்னா பார்த்துக்கொண்டிருந்தாள்.